படகு எப்போது கவிழத் தொடங்குகிறது?

2005 அக்டோபர் 2 அன்று பிற்பகல், நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் உள்ள ஜார்ஜ் ஏரியில் வானம் தெளிவாக இருந்தது. காற்று பலமாக இல்லை. இலையுதிர் காலத்து மரங்களின் நிறத்தைப் பார்க்க வந்த 47 பயணிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய ‘ஈதன் ஆலன்’ என்னும் 40 அடி நீளமுள்ள கண்ணாடியிழைப் படகு, எதிரே வந்த அலையைச் சமாளிக்க வலப்புறம் திரும்பியபோது இடப்புறமாகச் சாய்ந்து, சில நொடிகளுக்குள் தலைகீழாகக் கவிழ்ந்தது. 20 பேர் இறந்தார்கள். பயணிகளில் பெரும்பாலோர் மிச்சிகன் மாநிலத்திலிருந்து சுற்றுலா வந்திருந்த முதியவர்கள். புயலும் இல்லை, பாறையும் இல்லை, வேறு கலத்தோடு மோதலும் இல்லை. அந்த ஏரியில் அத்தகைய அலை ஒரு நாளைக்குப் பலமுறை எழும்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் நடத்திய விசாரணையில், விபத்துக்கான காரணம் அந்தப் பிற்பகலில் இல்லை என்பது தெரியவந்தது. படகுக்கு அனுமதி தரப்பட்டபோது ஓர் ஆளின் சராசரி எடை 140 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 64 கிலோ, என்று கணக்கில் கொள்ளப்பட்டிருந்தது. அது 1960-களின் கணக்கு. அன்று படகில் இருந்தவர்களின் சராசரி எடையோ 178 பவுண்டு. ஆளுக்கு 17 கிலோ கூடினால் 47 பேருக்கு ஏறத்தாழ 800 கிலோ கூடுகிறது. அதாவது பயணிகள் பட்டியலில் பெயர் இல்லாத பத்து பன்னிரண்டு பேர் அந்தப் படகில் ஏறியிருந்ததற்குச் சமம். இதற்கு முன்பே படகின் துணிக்கூரையை எடுத்துவிட்டு மரத்தாலான கூரை போட்டிருந்தார்கள். கூரை மாறிய பின் படகு எவ்வளவு சாய்வைத் தாங்கும் என்று யாரும் மறுபடி கணக்கிடவில்லை. 48 பயணிகளுக்கு அனுமதி பெற்றிருந்த அந்தப் படகில் உண்மையில் 14 பேரை மட்டுமே ஏற்றியிருக்கலாம் என்பது விபத்துக்குப் பிந்தைய கணக்கு.

சிறு படகு விபத்துகளைப் பற்றிய செய்திகளில் ‘திடீரென’ என்ற சொல் தவறாமல் வரும். திடீரென அலை வந்தது, திடீரெனக் காற்று அடித்தது, திடீரெனப் படகு கவிழ்ந்தது என்று எழுதுவார்கள். கரையில் நின்று பார்ப்பவருக்கும் உள்ளே இருந்து தப்பியவருக்கும் அது அப்படித்தான் தோன்றும். ஆனால் படகின் பக்கம் நின்று பார்த்தால் கதை வேறு. ஒவ்வொரு படகுக்கும் சாய்வதற்கும் நிமிர்வதற்கும் இடையே ஒரு கையிருப்பு உண்டு. அதை மனிதர்கள் படகுத்துறையிலேயே, சில சமயம் பட்டறையிலேயே, கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துவிடுகிறார்கள். அலை வரும்போது கையில் மீதி எதுவும் இருப்பதில்லை.

இந்தக் கையிருப்பு இரண்டு வகை. பக்கவாட்டில் சாய்ந்த படகு மீண்டும் நிமிர்வதற்கான வலு ஒன்று. நீர் உள்ளே ஏறாமல் தடுக்கும் விளிம்பின் உயரம் இன்னொன்று. முதலாவது தீர்ந்தால் படகு கவிழ்கிறது. இரண்டாவது தீர்ந்தால் படகு நேராக நின்றபடியே நீர் நிறைந்து அமிழ்கிறது. செய்திகளில் இரண்டையும் ‘கவிழ்ந்தது’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால் இரண்டும் ஒன்று என்ற எண்ணம் பரவியிருக்கிறது. நடைமுறையில் ஒன்று மற்றொன்றை இழுத்துவருவதும் உண்மையே: நீர் ஏறிய படகு எளிதில் கவிழும், சாய்ந்த படகில் எளிதில் நீர் ஏறும்.

நம் கட்டுமரத்தை நினைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு விளங்கும். கட்டுமரத்துக்கு உள்பக்கம் என்று ஒன்றே கிடையாது. சேர்த்துக் கட்டிய மரங்களின் மேல் ஏறும் அலை, இடுக்குகள் வழியாக அப்படியே வடிந்துவிடும். கட்டுமரத்தைப் புரட்டிப்போட முடியும். நீரால் நிரப்ப முடியாது. மிதக்க வைப்பது மரத்தின் தன்மையே ஒழிய, அடைத்து வைத்த காற்று அல்ல. பலகையாலோ கண்ணாடியிழையாலோ தகரத்தாலோ கிண்ணம் போலச் செய்த படகின் நிலை வேறு. அதன் மிதப்பு முழுவதும் அந்தக் கிண்ணத்துக்குள் நீர் வராமல் இருப்பதைப் பொறுத்தது.

முதலில் சாய்வை எடுத்துக்கொள்வோம். படகு, ஆட்கள், எஞ்சின், எரிபொருள் எல்லாவற்றின் எடையும் ஒரு புள்ளியில் குவிந்து கீழ்நோக்கி இழுப்பதாகக் கொள்ளலாம், அது எடைமையம். நீருக்குள் அமிழ்ந்திருக்கும் பகுதியை நீர் மேல்நோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளலும் ஒரு புள்ளியில் குவிகிறது. அது மிதப்பு மையம். படகு நேராக நிற்கும்போது இரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்கும். படகு இடப்புறம் சாய்ந்தால், இடப்புறம் அதிகமாக அமிழ்வதால் மிதப்பு மையமும் இடப்புறம் நகர்கிறது. இப்போது நீர் இடப்பக்கத்திலிருந்து மேலே தள்ளுகிறது, எடை நடுவிலிருந்து கீழே இழுக்கிறது, இரண்டும் சேர்ந்து படகை நிமிர்த்துகின்றன. எடைமையம் உயரத்தில் இருந்தால், படகு சாயும்போது அதுவும் சாய்ந்த பக்கமே நகர்ந்துவிடும். மிதப்பு மையத்தைத் தாண்டி அது வெளியே போய்விட்டால், நிமிர்த்த வேண்டிய அதே இரு விசைகளும் சேர்ந்து படகைப் புரட்டத் தொடங்குகின்றன.

ஆகவே பயணி அறிந்தோ அறியாமலோ கட்டுப்படுத்துவது எடைமையத்தின் உயரத்தைத்தான். எஞ்சினோடு சேர்த்து 150 கிலோ எடையுள்ள ஒரு சிறு படகில் 70 கிலோ எடையுள்ள நால்வர் உட்கார்ந்திருப்பதாகக் கொள்வோம். நால்வரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றால் ஒவ்வொருவரின் எடைமையமும் ஏறத்தாழ 40 செ.மீ. உயர்கிறது. மொத்தக் கணக்கில் படகின் எடைமையம் 26 செ.மீ. மேலே போய்விடும். சிறு படகுக்கு இது மிகப் பெரிய மாற்றம். இதே நால்வர் பத்து டன் எடையுள்ள கலத்தில் எழுந்து நின்றால் மாற்றம் ஒரு சென்டிமீட்டர் அளவில் நின்றுவிடும். பெரிய கப்பலில் உலாவிப் பழகியவர் சிறு படகிலும் அப்படியே எழுந்து நிற்பதன் அபாயம் இந்த விகிதத்தில் இருக்கிறது. பெரிய கலத்தில் ஆட்கள் சரக்கில் ஒரு சிறு பங்கு. சிறு படகில் ஆட்களின் எடையே படகின் எடையைவிட அதிகம், அதுவும் எழுந்து நடமாடும் எடை.

அகலமான, தட்டை அடியுள்ள படகு பாதுகாப்பானது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது பாதி உண்மை. அத்தகைய படகு சிறு சாய்வுக்கு அசைந்துகொடுக்காது. ஏறும்போது உறுதியாகத் தோன்றும். ஒகேனக்கல்லில் பரிசலில் ஏறியவர்களுக்கு அந்த உறுதி தெரிந்திருக்கும். ஆனால் அதன் விளிம்பு நீரைத் தொடும் கோணம் வரைதான் அந்த உறுதி. விளிம்பு அமிழ்ந்த பிறகு எதிர்ப்பு படிப்படியாகக் குறைவதில்லை, ஒரேயடியாகப் போய்விடுகிறது. குறுகலான படகு முதலிலிருந்தே ஆடிக்கொண்டிருக்கும், ஏறியவரை அச்சுறுத்தும், அதனாலேயே அவர் அடங்கி உட்கார்ந்திருப்பார். அகலமான படகு கடைசி வரை எந்த எச்சரிக்கையும் தருவதில்லை. இவற்றில் எது நல்ல படகு என்று என்னைக் கேட்டால், யார் ஏறுகிறார்கள் என்பதைப் பொறுத்தது என்றே சொல்வேன்.

இரண்டு அடுக்குப் படகில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகிறது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில், முல்லைப்பெரியாறு நீர்த்தேக்கத்தில், ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அது ஓடத் தொடங்கிச் சில வாரங்களே ஆன புதுப் படகு. கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாக நகர்ந்தார்கள் என்று தப்பியவர்கள் சொன்னார்கள். இதைக் கேட்டவுடன் பயணிகளைக் குறை சொல்வது எளிது. ஆனால் விலங்குகளைக் காட்டுவதாகச் சொல்லிக் கட்டணம் வாங்கிய படகில், விலங்கு தெரிந்தவுடன் மக்கள் அந்தப் பக்கம் எழுந்து போவது எதிர்பாராத நிகழ்ச்சி அல்ல. அதற்காகவே அவர்கள் வந்திருக்கிறார்கள். 65 கிலோ எடையுள்ள 20 பேர் இரண்டு மீட்டர் நகர்ந்தால் அது ஒரு கார் அளவு எடை படகின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவதற்கு ஒப்பாகும். மேல்தளத்தில் நகர்ந்தால் அது உயரத்திலும் சேர்கிறது. அந்த நகர்வைத் தாங்காத படகை அந்த வேலைக்கு விட்டிருக்கக் கூடாது.

ஈதன் ஆலன் படகில் பயணிகள் எழுந்துகூட நகரவில்லை. நீண்ட பலகை இருக்கைகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள், படகு சாய்ந்தவுடன் தம்மையறியாமல் இடப்புறம் சரிந்தார்கள். ஒருவர் சரிய, அவர் எடை அடுத்தவர் மேல் விழ, அந்தச் சரிவு சாய்வைக் கூட்ட, கூடிய சாய்வு மேலும் சரிய வைத்தது. திருப்பமும் அதற்குத் துணைபோனது. தட்டுத் தடையின்றி நீரை விலக்கிக்கொண்டு மெல்லச் செல்லும் படகு வலப்புறம் திரும்பினால் இடப்புறம், அதாவது வளைவுக்கு வெளிப்பக்கம், சாயும். வேகப் படகு திரும்பும்போது வளைவின் உட்பக்கம் சாய்வதைப் பார்த்தவர்களுக்கு இது நேர்மாறாகத் தோன்றலாம். கூர்மையான அடியுடன் நீர்ப்பரப்பின் மேல் வழுக்கிச் செல்லும் படகின் இயக்கம் வேறு, எடை மிகுந்து நீருக்குள் அமிழ்ந்து செல்லும் படகின் இயக்கம் வேறு.

அடுத்து, நீர் ஏறுவது. இது அவ்வளவு பேசப்படுவதில்லை. ஆனால் நான்கைந்து பேர் ஏறும் சிறு படகுகளில் இதுவே அடிக்கடி நேர்வது. நான்கு மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் உள்ள படகு, முனை கூம்பியிருப்பதால், நீர்ப்பரப்பில் ஏறத்தாழ நாலரைச் சதுர மீட்டர் இடத்தைப் பிடிக்கும். அதில் ஏறும் ஒவ்வொரு 45 கிலோவும் அதை ஒரு சென்டிமீட்டர் அமிழ்த்தும். ஐந்து பேர் ஏறினால் ஏழு சென்டிமீட்டர். இது பெரிய இறக்கமாகத் தெரியாது. ஆனால் எடை நடுவில் பரவியிருந்தால்தான் இந்தக் கணக்கு. ஐவரில் மூவர் பின்பக்கம், எஞ்சின் அருகே, உட்கார்ந்துவிட்டால் படகின் முன்முனையான அணியம் தூக்கிக்கொள்ளும், பின்முனையான அமரம் தாழ்ந்துவிடும். பக்கச் சுவர் நீருக்கு மேல் 40 செ.மீ. நிற்கிறது என்று மனநிறைவோடு இருப்பவர், பின்பலகை 15 செ.மீ. கூட நிற்கவில்லை என்பதைக் கவனித்திருக்கமாட்டார்.

பின்பலகை சிறு விசைப்படகின் மிகப் பலவீனமான இடம். எஞ்சினைத் தொங்கவிடுவதற்காக அதன் நடுவை வெட்டித் தாழ்த்தியிருப்பார்கள். எஞ்சின், பேட்டரி, எரிபொருள் தொட்டி, ஓட்டுபவர் ஆகிய நான்கு எடைகளும் அங்கேதான் குவிகின்றன. பழைய படகில் பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு அதைவிடக் கனமான புது எஞ்சினை மாட்டுபவர், ஒரு ஆளைப் பின்விளிம்பில் நிரந்தரமாக உட்காரவைத்த மாதிரி ஆகிறது. வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் படகை ஒரேயடியாக நிறுத்தினால், அது தன் பின்னால் எழுப்பிவந்த அலையே துரத்தி வந்து அந்த வெட்டு வழியாக உள்ளே கொட்டும். காற்று கிளம்பிய நேரத்தில் நீச்சல் அடிப்பவரை ஏற்றிக்கொள்ளப் பின்பக்கத்தை அலைக்குக் காட்டி நிறுத்தினாலும் அதுவே நடக்கும்.

நங்கூரத்தைப் பின்பக்கம் கட்டுவது இந்தப் பலவீனத்தை விபத்தாக மாற்றும் மிக நிச்சயமான வழி. முன்முனையில் கட்டிய நங்கூரம் படகை அலைக்கு நேராக நிறுத்தும்; அணியம் உயர்ந்தும் கூர்ந்தும் இருப்பதால் அலையைப் பிளக்கும். பின்னால் கட்டினால் தட்டையான, தாழ்ந்த பகுதி அலையை எதிர்கொள்கிறது, கயிறோ அதைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கிறது. 2009 பிப்ரவரி 28 அன்று புளோரிடாவின் மேற்குக் கரைக்கு அப்பால் மெக்சிகோ வளைகுடாவில் மீன்பிடிக்கப் போன நான்கு நண்பர்களுக்கு நேர்ந்தது இது. நால்வரும் உடல்வலு மிக்கவர்கள்; இருவர் அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை வீரர்கள். வானிலை மோசமாகிக்கொண்டிருந்தது, திரும்ப வேண்டும், நங்கூரமோ அடியில் சிக்கிக்கொண்டு வரவில்லை. கயிற்றைப் பின்பக்கம் கட்டி, எஞ்சினை முடுக்கி, இழுத்துப் பிடுங்கப் பார்த்தார்கள். 21 அடிப் படகின் பின்புறம் நீருக்குள் இழுக்கப்பட்டு, நீர் உள்ளே பாய்ந்து, படகு கவிழ்ந்தது. கவிழ்ந்த படகின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவரை மட்டும் ஏறத்தாழ இரண்டு நாள்களுக்குப் பின் கடலோரக் காவல்படை மீட்டது. கயிற்றை வெட்டிவிட ஒரு கத்தி போதுமாயிருந்தது என்று கரையில் உட்கார்ந்து எழுதுவது எளிது. சிக்கிய நங்கூரத்தை விட்டுவர மனம் வராதது மீன்பிடிப்பவர்கள் யாருக்கும் புரியாத உணர்வு அல்ல.

இன்னொரு காரணம் கேட்பதற்கே வேடிக்கையாக இருக்கும். கரையில் ஏற்றி வைத்த படகிலிருந்து மழைநீர் வடிவதற்காகப் பின்புறம் அடியில் ஒரு துளை வைத்திருப்பார்கள். படகை நீரில் இறக்கும்போது அதைத் தக்கையால் அடைக்க வேண்டும். அடைக்க மறப்பவர்கள் ஏராளம். இரண்டரை சென்டிமீட்டர் விட்டமுள்ள துளை நீர்மட்டத்துக்கு 20 செ.மீ. கீழே இருந்தால் அதன் வழியே நிமிடத்துக்கு ஏறத்தாழ 35 லிட்டர் ஏறும். பத்து நிமிடத்தில் 350 கிலோ. படகுக்குள் தளப்பலகை இருந்தால் அந்த நீர் பலகைக்கு அடியில் மறைந்தே சேரும். படகு வழக்கத்தைவிட மந்தமாக ஓடுவதை எஞ்சின் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

உள்ளே ஏறிய நீரின் எடையைவிட அதன் ஓட்டமே பெரிய ஆபத்து. மூன்று மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள படகுத் தளத்தில் ஐந்து சென்டிமீட்டர் நீர் நின்றால் அது 180 கிலோ. கணுக்கால்கூட நனையாத நீர், மூன்று ஆட்களின் எடை. மூன்று ஆட்கள் நடுவில் அடங்கி உட்காருவார்கள், நீர் உட்காராது. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே முழுவதும் ஓடிச் சேரும்; நிமிர முயலும் படகை அங்கேயே அழுத்திப் பிடிக்கும். இந்த விளைவு நீர்ப்பரப்பின் அகலத்தின் மும்மடிக்கு (அகலம் × அகலம் × அகலம்) ஏற்ப வளர்கிறது என்பது கப்பல் கட்டுவோர் அறிந்த கணக்கு. அதனால்தான் நீளவாக்கில் ஒரு தடுப்பு வைத்து அகலத்தை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பாதியின் கேடும் எட்டில் ஒன்றாகி, மொத்தக் கேடு நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. திறந்த சிறு படகில் அத்தகைய தடுப்பு இருக்காது. படகோட்டிகள் ஓயாமல் நீரை இறைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, ஒழுகும் படகு என்று பயணிகள் முகம் சுளிப்பதுண்டு. இறைக்காத படகோட்டியைப் பார்த்துத்தான் அஞ்ச வேண்டும்.

அலையும் காற்றும் இந்தக் கதையில் இல்லாமல் இல்லை. ஆனால் அவை எங்கே, எந்தத் திசையிலிருந்து வருகின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முன்னாலிருந்து வரும் அலை படகை நனைக்கும். பக்கத்திலிருந்து வரும் அலை உருட்டும். பின்னாலிருந்து வரும் அலை ஏமாற்றும். படகின் வேகத்தைவிடச் சற்று விரைவாகப் பின்னாலிருந்து வரும் அலை அமரத்தைத் தூக்க, அணியம் முன்னால் உள்ள பள்ளத்தில் குத்தி நிற்க, சுக்கான் பிடியிழந்து, படகு சட்டென்று பக்கவாட்டாகத் திரும்பி அலைக்கு விலாவைக் காட்டிவிடும். அடுத்த அலை புரட்டிவிடும். ஆழம் குறைந்த இடத்தில் அலை செங்குத்தாக எழுந்து உடையும் என்பதாலும், கடலுக்குள் வடியும் நீரோட்டம் எதிரே வரும் அலையை மேலும் குறுக்கி உயர்த்தும் என்பதாலும், முகத்துவாரங்கள் இதற்குப் பெயர்போனவை. சற்று முன்பு வரை காயலில் தூங்கிக்கொண்டிருந்த நீர், முகத்துவாரத்தில் வேறு நீராகிவிடுகிறது.

2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில், கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த உறவினர் கூட்டத்தை ஏற்றிச் சென்ற மீன்பிடிப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் மாலைநேரச் சுற்றுலாவுக்குப் போன இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து, அங்கும் 22 பேர் இறந்தார்கள். அது மீன்பிடிப் படகாக இருந்து உல்லாசப் படகாக மாற்றப்பட்டது என்பது பின்னர் வெளிவந்தது. மீன்பிடிப் படகு நல்ல படகுதான், கடலைக் கண்ட படகுதான் என்ற எண்ணத்தில் ஒரு பிழை இருக்கிறது. அந்தப் படகு சுமக்கும் எடை வலையும் மீனும் பனிக்கட்டியும். அவை படகின் அடியில், நடுவில், அசையாமல் கிடக்கும். படகை நிலைநிறுத்தவே செய்யும். அதே எடையில் மனிதர்களை ஏற்றினால் அவர்கள் விளிம்பிலும் குறுக்குப் பலகையிலும் உயரத்தில் உட்கார்வார்கள், படம் எடுக்க எழுந்து நிற்பார்கள், குழந்தையைத் தூக்கிப் பிடிப்பார்கள். அந்தப் படகின் மேல் ஒரு தளமும் கூரையும் கட்டிவிட்டால், கிலோ கணக்கில் அது சுமக்கக்கூடிய எடை ஒன்றாகவே இருந்தாலும் படகு அதுவாக இருப்பதில்லை.

கூரைக்கு இன்னொரு குணமும் உண்டு. படகு கவிழ்ந்தால் அது கூண்டாகிவிடும். 1999 மே 1 அன்று அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஹாமில்டன் ஏரியில் நீரிலும் நிலத்திலும் செல்லும் சுற்றுலா வண்டி ஒன்று நீர் ஏறி மூழ்கி 13 பேர் இறந்தபோது, மேலே இருந்த கூரை பயணிகளை உள்ளே அடக்கிவிட்டது என்று கண்டறிந்த பாதுகாப்பு வாரியம், அத்தகைய வண்டிகளில் கூரை கூடாது என்று பரிந்துரைத்தது. பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 2018 ஜூலை 19 அன்று, மிசௌரி மாநிலத்தின் டேபிள் ராக் ஏரியில் அதே வகை வண்டி ஒன்று புயற்காற்றில் சிக்கி மூழ்கி 31 பேரில் 17 பேர் இறந்தார்கள். அதிலும் கூரை இருந்தது. பலத்த புயலுக்கான எச்சரிக்கை முன்பே வெளியாகியிருந்தது.

எத்தனை பேர் ஏறலாம் என்ற எண் எப்படி வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1971-ஆம் ஆண்டின் கூட்டாட்சிப் படகுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழிவந்த விதிகளின்படி, 20 அடிக்கும் குறைந்த பெரும்பாலான விசைப்படகுகளில் எத்தனை ஆட்கள், மொத்தம் எவ்வளவு எடை என்று பொறித்த தகடு இருக்க வேண்டும். தகடு இல்லாத படகுக்கு ஒரு குறுக்குக் கணக்கு உண்டு: அடிக்கணக்கில் அளந்த நீளத்தை அகலத்தால் பெருக்கி 15-ஆல் வகுத்தால் வருவது ஆட்களின் எண்ணிக்கை. 16 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள படகில் ஐந்து பேர். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் கணக்கு ஆளுக்கு 150 பவுண்டு, அதாவது 68 கிலோ, என்றும் வானிலை நன்றாக இருக்கிறது என்றும் வைத்துக்கொண்டு போட்டது. ஐந்து பருமனான ஆட்களும் குளிர்பெட்டியும் தூண்டில் கருவிகளும் ஏறி, மாலையில் காற்றும் கிளம்பினால், தகட்டில் உள்ள எண்ணை மீறாமலேயே படகு மூழ்கலாம். இந்தியாவில் 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலன்கள் சட்டம் 1917-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்து, விசைக்கலங்களுக்கு ஆய்வுச் சான்றையும் பதிவையும் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆய்வாளர் பார்த்த அன்று இருந்த படகுதான் இன்றும் துறையில் நிற்கிறதா என்பதுதான் ஈதன் ஆலனின் கூரை எழுப்பிய கேள்வி; அதற்குச் சட்டத்தின் வாசகத்தில் பதில் கிடைக்காது.

நீர் நிறைந்த பிறகு என்ன ஆகிறது என்பதும் வடிவமைப்பைப் பொறுத்தது. நுரையோ அடைத்த காற்றறைகளோ இல்லாத படகு, எஞ்சினின் எடையால் பின்பக்கமாக அமிழ்ந்து, அணியத்தின் நுனி மட்டும் வெளியே தெரிய நின்றுவிடும். ஐந்து பேருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கை அகல இடமே இருக்கும். போதிய நுரையைச் சரியான இடங்களில் வைத்தால் நிறைந்த படகும் மட்டமாக மிதக்கும், உள்ளே இருப்பவர்கள் உட்கார்ந்தபடியே காத்திருக்கலாம். 1970-களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்காவில் வெளிப்புற எஞ்சின் பொருத்தும் சிறு படகுகளுக்கு இது கட்டாயம். பாய்மரம் கட்டிய சிறு பந்தயப் படகுகள் வார இறுதியில் பத்து முறை கவிழ்ந்து பத்து முறை நிமிர்வதும் இதனால்தான். அங்கே கவிழ்வது பயிற்சியின் பகுதி, எல்லாரும் மிதவை அங்கி அணிந்திருப்பார்கள், கவிழும் என்று தெரிந்தே ஏறுவார்கள்.

அப்படித் தெரிந்து ஏறாதவர்களே இறக்கிறார்கள். அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஆண்டுதோறும் வெளியிடும் உல்லாசப் படகு விபத்துக் கணக்கில், மூழ்கி இறந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் மிதவை அங்கி அணியாதவர்கள். பெரும்பாலோர் 21 அடிக்கும் குறைந்த படகுகளில் போனவர்கள். அங்கி படகில் இல்லாததால் அல்ல. பல விபத்துகளில் இருக்கைக்கு அடியில் இருந்திருக்கிறது. தூண்டில் போடப் போகிறவரும் வாத்து வேட்டைக்குப் போகிறவரும் தம்மைப் படகோட்டியாக நினைப்பதில்லை. படகு அவருக்கு ஒரு மிதக்கும் நாற்காலி. கவிழ்ந்த பின் அங்கியைத் தேடி அணிவது நீச்சல் தெரிந்தவருக்கே கடினம். நீர் 15 பாகை செல்சியசுக்குக் கீழே இருந்தால், விழுந்த நொடியில் உடல் தன்னிச்சையாக மூச்சை இழுக்கும். தலை நீருக்குள் இருக்கும்போது அந்த மூச்சு வந்தால் அதற்குப் பிறகு நீச்சல் திறமைக்கு வேலை இல்லை.

மீண்டும் எண்ணுக்கு வருவோம். ஈதன் ஆலனுக்கு ஒன்றரை ஆண்டு முன்பு, 2004 மார்ச் 6 அன்று, பால்டிமோர் துறைமுகத்தில் ‘லேடி டி’ என்ற இரட்டை மிதவைப் படகு பலத்த காற்றில் கவிழ்ந்து 25 பேரில் ஐவர் இறந்தார்கள். அங்கும் ஆளுக்கு 140 பவுண்டு என்ற அதே பழைய எடை. அந்தப் படகுக்கென்று தனிச் சோதனை நடத்தாமல், மிதவையின் அமைப்பு வேறாக இருந்த இன்னொரு படகின் சோதனையையே அதற்கும் பொருத்தியிருந்தார்கள். இரண்டு விபத்துகளும் சேர்ந்து எழுப்பிய அழுத்தத்தில் கடலோரக் காவல்படை பயணியின் கணக்கு எடையை 185 பவுண்டாக உயர்த்தியது. அது 2011 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. மற்றவை எதையும் மாற்றாமல் எடையை மட்டும் திருத்தினால், 48 பேர் என்று எழுதியிருந்த படகில் 36 பேர் என்று எழுத வேண்டியிருக்கும். ஈதன் ஆலனுக்குப் பொருந்திய 14 என்ற எண்ணுக்கும் இந்த 36-க்கும் இடையே இன்னும் 22 பேர் இருக்கிறார்கள். அந்த இடைவெளியை நிரப்பக் கூரையின் எடையையும், இருக்கையில் சரியும் ஆட்களையும் சேர்த்து அந்தப் படகையே துறையில் சாய்த்துப் பார்த்திருக்க வேண்டும்.